அண்டார்டிகா கப்பல்: அறையைப் பார்க்காதீர்கள், ஆள் கணக்கைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! அண்டார்டிகாவுக்கு எந்தக் கப்பலில் போகலாம் என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, இன்றைக்கு அதைப் பேசிவிடுவோம்.

எந்த நிறுவனத்தின் விளம்பரத்தைத் திறந்தாலும் பால்கனி அறை, நீராவிக் குளியல், விதவிதமான சாப்பாடு என்றுதான் காட்டுவார்கள். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். கப்பலில் மொத்தம் எத்தனை பயணிகள்? முதலில் இதைக் கேளுங்கள்.

காரணம் இருக்கிறது. அண்டார்டிகாவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் நிறுவனங்கள் சேர்ந்து 1991இல் ஐயாட்டோ என்ற சங்கத்தைத் தொடங்கின. அதன் விதிப்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பலிலிருந்து ஒருவர்கூடக் கரை இறங்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் பதிவு செய்தால், மேல்தளத்தில் நின்று பைனாகுலரில் பெங்குவின் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். 100 பேர் கப்பல் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், மீதிப் பேர் ரப்பர் படகில் பனிப்பாறைகளுக்கு நடுவே ஒரு சுற்று, பிறகு மாற்றிக்கொள்வார்கள். இது மோசமில்லை. 450 பேர் என்றால் கல்யாண வீட்டில் நாலாவது பந்திக்குக் காத்திருக்கிற கதைதான். அதற்குள் காற்று கிளம்பிவிட்டால் அன்றைய பந்தியே ரத்து. என்னைக் கேட்டால் 200ஐத் தாண்ட வேண்டாம்.

ரப்பர் படகை சோடியாக் என்பார்கள். சுமார் பத்துப் பேர் உட்காரலாம். ஏறும்போது கைகுலுக்குகிற மாதிரி உள்ளங்கையைப் பிடிக்க விடமாட்டார்கள். நீங்கள் மாலுமியின் முன்கையைப் பிடிக்க வேண்டும், அவர் உங்கள் முன்கையைப் பிடிப்பார். அலையில் படகு ஏறி இறங்கினாலும் அந்தப் பிடி நழுவாது. அதற்கு முன்னாலேயே பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்கச் சொல்வார்கள். பையின் மூலையில், ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டையில் ஒரு புல்விதை ஒட்டியிருந்தாலும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பறவைக் காய்ச்சல் அங்கேயும் போய்விட்டதால் இப்போது கரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் கடல். அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கிளம்பினால் அதைத் தாண்டப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். கப்பல் சிறிதாக இருந்தால் ஆட்டம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். உஷுவாயாவிலிருந்து கடலுக்குப் போகும் வழியான பீகிள் கால்வாய் முடிவதற்குள் வாந்தி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலனில்லை. கடலே வேண்டாம் என்றால் சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான விமானப் பயணம், அங்கே கப்பல் ஏறலாம். செலவு அதிகம், மூடுபனி வந்தால் விமானம் கிளம்பாது. ஊர் திரும்பும் டிக்கெட்டை அடுத்த நாளே போட்டுவைக்காதீர்கள்.

மாதமா? நவம்பரில் பனி கால்படாமல் இருக்கும். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் பெங்குவின் குஞ்சுகள். திமிங்கிலத்துக்கு பிப்ரவரி, மார்ச்.

அண்டார்டிகாவில் இருக்கும் நம் இந்திய ஆராய்ச்சி நிலையமான மைத்ரியைப் பார்க்க முடியுமா என்று கேட்காதவர் இல்லை. முடியாது மக்களே. மைத்ரியும் நம் இன்னொரு நிலையமான பாரதியும் கிழக்கு அண்டார்டிகாவில் இருக்கின்றன. இந்தக் கப்பல்கள் போவது தென் அமெரிக்கா பக்கம் நீண்டிருக்கும் தீபகற்பத்துக்கு. நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்.

பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டுத் தாளை ஒரு முறை படித்துவிடுங்கள். அவசர மருத்துவ வெளியேற்றம் அதில் இருக்க வேண்டும், அதுவும் அண்டார்டிகாவுக்குச் செல்லுபடியாக வேண்டும். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் பெரிய ஆபரேஷன் என்றால் சிலிக்கோ அர்ஜென்டினாவுக்கோதான் கொண்டுபோக வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.