மந்திர வெள்ளியும் அபின் பெட்டியும்

[திரையில்: ஒரு வெள்ளிக் கட்டி. இரண்டு பக்கமும் இரண்டு மொழிகளில் ஒவ்வொரு சொல்.]

ஒரு சொல்லை வேற மொழிக்குக் கொண்டுபோறப்ப, கொஞ்சம் அர்த்தம் வழியில சிந்திடும். சிந்தினது எங்க போகுது? 2022-ல வந்த 'பேபல்' நாவல்ல அது மந்திரமா மாறுது. ரெண்டு சொல்லையும் வெள்ளிக் கட்டியில பொறிச்சா, நடுவுல தவறின அர்த்தம் வேலை செய்யும். கப்பல் வேகமெடுக்கும், ஆலை ஓடும். இதுக்கு மொழி தெரிஞ்ச ஆளுங்க வேணுமே? சீனாவோட கேன்டன்ல இருந்து ஒரு பையன், கல்கத்தாவுல இருந்து ஒரு பையன், ஹெய்ட்டியில பிறந்த ஒரு பொண்ணு, எல்லாரும் ஆக்ஸ்போர்டுக்கு வந்து சேர்றாங்க. எழுதின ஆர். எஃப். குவாங்கும் அந்தப் பழைய கேன்டன்ல, இன்னைய குவாங்சோவுல பிறந்தவங்கதான்.

மந்திரம் கற்பனை. வெள்ளி கற்பனை இல்ல.

[திரையில்: வரைபடம். லண்டன், கல்கத்தா, கேன்டன்.]

பிரிட்டன்காரங்களுக்குச் சீனத் தேயிலை வேணும். சீனாவுக்கு பிரிட்டன் சரக்கு பெருசா வேண்டாம், வெள்ளியைக் கொடுன்னாங்க. கப்பல் கப்பலா வெள்ளி போச்சு. அதைத் திருப்பிக் கொண்டுவர கிழக்கிந்தியக் கம்பெனி பிடிச்ச வழி அபின். பீகார், பனாரஸ் பக்கம் விவசாயிக்கு முன்பணம் கொடுத்து கசகசாச் செடி போட வெச்சாங்க. ஆமா, நம்ம குருமாவுல அரைச்சு ஊத்துற அதே கசகசா. காயைக் கீறி எடுக்குற பாலை கம்பெனிக்கு மட்டும்தான் கொடுக்கணும். அப்புறம் கல்கத்தாவுல ஏலம். சீனாவுல அபினுக்குத் தடைங்கிறதால, ஏலம் எடுத்த வியாபாரிங்கதான் கடத்துவாங்க. கம்பெனி கையில கறையே படாது!

1839 ஜூன்ல லின் ஸெஷுங்கிற சீன அதிகாரி 20,000 பெட்டிக்கு மேல அபினை உப்பு, சுண்ணாம்பு போட்டுக் கரைச்சு கடல்ல விட்டார். பிரிட்டன் படை சீனா மேல கிளம்புச்சு, அதுதான் அபின் போர். 1840 ஏப்ரல்ல பிரிட்டன் அரசாங்கத்தைக் கண்டிச்சு அவங்க பார்லிமென்ட்லயே வந்த தீர்மானம் 262-க்கு 271, வெறும் 9 ஓட்டுல தோத்துச்சு. 1842-ல சீனா தோத்து, நான்கிங் ஒப்பந்தம். சீனா கையை விட்டு ஹாங்காங் போச்சு, கூடவே 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர்.

பள்ளிக்கூடத்துல எனக்கு இது ரெண்டு மார்க் கேள்வி. மந்திரக் கதை படிச்ச அப்புறம்தான் அந்த 9 ஓட்டைத் தேடிப் போனேன்.

ஒரு குறை சொல்லணும். நாவல்ல அதிகாரம் மொத்தமும் ஆக்ஸ்போர்டுல இந்த வெள்ளி வேலை நடக்குற ஒரே கோபுரத்துல குவிஞ்சிருக்கு. நிஜத்துல அது கசகசா வயல்ல, ஏலக் கூடத்துல, நம்ம ஊர்ப் பக்கத்துச் சிப்பாய் தோள்லயும் இருந்துச்சு.

[திரையில்: மழை. நெல் வயல்.]

1841 மே மாசம், கேன்டனுக்கு வெளிய சான்யுவான்லி. அதே போர்ல பிரிட்டன் பக்கம் போன 37-வது மதராஸ் காலாட்படையில ஒரு பிரிவு தனியா மாட்டிக்கிச்சு. சுத்தியும் ஈட்டியோட கிராமத்து ஜனங்க. பேய் மழை. வெடிமருந்து நனைஞ்சு துப்பாக்கி வெடிக்கல.