வெட்ட வேண்டாம் என்று சொல்லி மர சிகிச்சைத் தொழிலில் பிழைக்க முடியுமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "எனக்கு மரம் ஏறத் தெரியும், செயின்சா பிடிக்கவும் தெரியும். கிராமப்புறத்தில் சொந்தமாக மர சிகிச்சைத் தொழில் தொடங்க நினைக்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு நாள் எப்படிப் போகும்? தேவையில்லாமல் எதையும் வெட்டக் கூடாது என்று நீங்கள் சொல்லி வருகிறீர்கள். ஆனால் வெட்டினால்தானே கூலி? வெட்ட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒருவர் எப்படிப் பிழைக்க முடியும்?"

கேள்வியின் பிற்பகுதிதான் முக்கியமானது என்பதால் அதற்குரிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டுகிற அளவுக்குக் கூலி வாங்குகிறவர் ஒரு மரத்துக்கு ஒரு முறைதான் தேவைப்படுவார். எந்தக் கிளையை எடுக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும், மறுபடியும் எப்போது வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவரை அதே வீட்டார் ஆண்டுக்கணக்கில் கூப்பிடுவார்கள். கிராமப்புறத்தில் தனியாகத் தொழில் செய்பவருக்கு விளம்பரத்தைவிட, அவர் முன்பு கை வைத்த மரமே அதிக வேலையைக் கொண்டுவரும். அது தழைத்து நிற்கிறதா, மொட்டையாகிப் பட்டுப்போகிறதா என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். காலையில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. காற்று பலமாக வீசும் நாளில் மரம் ஏறுவதில்லை என்ற முடிவில் உறுதியாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கிறார், கூலி போய்விடும் என்ற எண்ணம் அந்த முடிவைத் தொடவே கூடாது. மரத்தடிக்குப் போனதும் ரம்பத்தை வண்டியிலிருந்து இறக்காதீர்கள். வெறுங்கையுடன் மரத்தைச் சுற்றி வாருங்கள். முதலில் தொலைவில் நின்று முழு உருவத்தையும், பிறகு நெருங்கி வந்து அடிமரத்தையும், கடைசியாக அண்ணாந்து கவட்டைகளையும் பாருங்கள். மரம் தன் குறைகளைத் தன் உடலின் வடிவத்திலேயே காட்டும் என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் மாத்தெக் முறையாக ஆராய்ந்து, கண்ணால் பார்த்து மரத்தை மதிப்பிடும் ஒரு வழிமுறையாகவே வகுத்துத் தந்திருக்கிறார். தண்டில் ஓரிடம் காரணமில்லாமல் புடைத்திருந்தால், உள்ளே பலவீனமான பகுதியை ஈடுகட்ட மரம் அங்கே கூடுதலாகக் கட்டையை வளர்த்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு கிளைகள் குறுகலாகச் சேரும் கவட்டையில் பட்டை உள்வாங்கி மடிந்திருந்தால், அந்த இரண்டும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டவில்லை, கனம் கூடினால் பிளக்கும் என்று பொருள்.

அடிமரத்தில் காளான் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். கானோடெர்மா போன்றவை தட்டுத்தட்டாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் எளிதில் கண்ணில் படும். கிரெட்ஸ்ஷ்மாரியா என்ற காளானோ அடிமரத்தோடு ஒட்டிய கருகிய மேலோடாக இருந்துவிடும். பலர் அதை எப்போதோ மூட்டிய நெருப்பின் தழும்பு என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள். அது தாக்கிய மரம் இலை குறையாமல் பசுமையாகவே இருக்கும். அடிக்கட்டை மட்டும் நொய்ந்துபோய், ஒரு நாள் எச்சரிக்கை இல்லாமல் சட்டென்று முறியும். ஆகவே ஒரு மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். திடமான கட்டையின் ஒலியும் பொந்தின் ஒலியும் வேறு வேறு என்பது பழகப் பழகக் காதுக்குத் தெரியும். பொந்து இருக்கிறது என்பதற்காக மட்டும் மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள திடமான சுவர் போதிய தடிமனோடு இருந்தால் உள்ளீடற்ற மரங்கள் நெடுங்காலம் நிற்கின்றன. அந்தச் சுவரின் தடிமன் தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகும்போதுதான் கவலைப்பட வேண்டும் என்பது மாத்தெக் தந்த அளவுகோல். அது இறுதித் தீர்ப்பு அல்ல, மேலும் ஆராய வேண்டும் என்பதற்கான அறிகுறி.

மரத்தைப் பார்த்து முடித்ததும் உரிமையாளரிடம் கேள்வி கேளுங்கள். உச்சிக் கிளைகள் காய்கின்றன என்றால், கடந்த சில ஆண்டுகளில் பக்கத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்களா, டிராக்டர் ஓட்டினார்களா, கால்நடைகளைக் கட்டிவைத்தார்களா என்று விசாரியுங்கள். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கின்றன. அந்த வேர்கள் அறுந்தாலோ மண் இறுகி மூச்சு முட்டினாலோ அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்துத்தான் உச்சியில் தெரியும். அதற்குள் தோண்டிய பள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். அப்படிப்பட்ட மரத்தில் கிளைகளைக் கழிப்பது ஏற்கெனவே பட்டினி கிடக்கும் மரத்தின் உணவைப் பறிப்பதாகும். காய்ந்ததை மட்டும் நீக்கிவிட்டு, வேர்ப்பகுதியில் மூடாக்குப் போட்டு, அங்கே வண்டியும் மாடும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதே சரியான சிகிச்சை. இந்த ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கத் தயங்காதீர்கள். பார்த்ததையும் பரிந்துரைத்ததையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் வாங்குகிற பணத்துக்கு என்ன தந்தீர்கள் என்பது இருவருக்கும் தெளிவாக இருக்கும்.

வெட்டத்தான் வேண்டும் என்று முடிவானால், எங்கே வெட்டுவது என்பதில் தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ, ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்து, காயத்துக்குப் பிறகு மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். நம் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை என்பது அவர் கண்டது. அழுகல் நுழைந்த பகுதியை மரம் மீட்பதே இல்லை. தீப்பிடித்த அறையின் கதவைத் தாழிட்டுவிட்டு மற்ற அறைகளில் வாழ்வதுபோல், அந்தப் பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பிவிட்டு வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொண்டு போகிறது. இதை அவர் 1977இல் நான்கு வகைத் தடுப்புகளாக விளக்கினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே பருத்து ஒரு கழுத்து இருக்கும். மரம் தடுப்பு எழுப்புவதற்கு மிகவும் ஏற்ற இடம் அதுதான். தண்டோடு ஒட்டி வழித்து வெட்டினால் அந்தக் கழுத்தே போய்விடும். ஒரு முழம் விட்டு வெட்டினால் மீந்த குச்சி பட்டுப்போய் அழுகலுக்கு வழியாகிவிடும். ஆகவே கழுத்துக்குச் சற்று வெளியே, கழுத்தில் கீறல் படாமல் வெட்ட வேண்டும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்க நினைத்தால் அது பாதியிலேயே முறிந்து, தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். முதலில் கழுத்திலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு வெட்டு, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக முழு வெட்டு, கனம் போன பிறகு எஞ்சிய குச்சியைக் கழுத்தருகே எடுக்கும் கடைசி வெட்டு என்று மூன்று வெட்டுகளாகச் செய்ய வேண்டும். வெட்டுவாயில் தார் பூசலாமா, பெயிண்ட் அடிக்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். அது அழுகலைத் தடுப்பதில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் அஞ்சுகிற உரையாடலுக்கு வருகிறேன். வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "மேலே பாதியை எடுத்துவிடுங்கள், காற்றில் சாய்ந்துவிடும்போல் இருக்கிறது" என்பார். அவருடைய பயம் நியாயமானது, அதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆனால் மொட்டையடித்த மரத்தில் என்ன நடக்கும் என்பதை அவருக்கு விளக்குங்கள். இழந்த இலைகளை ஈடுகட்ட வெட்டுவாய்களைச் சுற்றிக் கொத்துக்கொத்தாக நெட்டைத் தளிர்கள் கிளம்பும். அவை உட்கட்டையில் வேரூன்றாமல் மேலடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு வேகமாகப் பருக்கும்; அவற்றுக்கு அடியிலேயே பெரிய வெட்டுக்காயம் அழுகிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தை எட்டும்போது, முன்பைவிட எளிதில் பிய்ந்து விழக்கூடிய கிளைகளோடு நிற்கும். எந்த ஆபத்துக்காக வெட்டினாரோ அந்த ஆபத்தை அவரே பணம் கொடுத்து வளர்த்ததாகிவிடும். இதற்குப் பதிலாக, நீண்டு கனக்கும் கிளைகளை மட்டும், அவற்றில் ஏற்கெனவே இருக்கும் பக்கக்கிளை வரை குறைக்கலாம்; அந்தப் பக்கக்கிளை, வெட்டப்படும் பகுதியின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். காய்ந்தவற்றை நீக்க வேண்டும். பச்சை இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது; முதிய மரமானால் அதிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். இப்படிக் கவாத்து செய்ய மொட்டையடிப்பதைவிட அதிக நேரம் ஆகும், கிளை நுனிகள் வரை ஏறிச் செல்லும் திறமையும் வேண்டும். கூலியும் அதற்கேற்ப அதிகம் கேட்கலாம். அவ்வளவு சொல்லியும் மொட்டையடித்தே தீர வேண்டும் என்பவரின் வேலையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வேலை குறைந்த மாதத்தில் இது கடினமான முடிவு என்பதை அறிந்தே சொல்கிறேன்.

முழுமையாகச் சாய்க்க வேண்டிய மரங்களும் உண்டு. அதைத் தீர்மானிக்கும்போது மரத்தின் நிலையோடு, விழுந்தால் யார் மீது விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக் கூரையின் மேல் கவிந்த நொய்ந்த மரத்தைத் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். ஆள் நடமாட்டமற்ற வயல் மூலையில் பட்டு நிற்கும் மரத்தை, ஆந்தைக்கும் வௌவாலுக்கும் இடமாக விட்டுவிடலாம். சாய்க்கும் மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தொலைவுக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. விழ வேண்டிய திசையில் ஆப்பு வடிவ வாய் வெட்டி, பின்வெட்டை முழுவதும் ஓட்டாமல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீலாக விட வேண்டும். அந்தக் கீல்தான் மரம் விழும் திசையைக் காக்கிறது. புயலில் வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு மண்ணோடு மீண்டும் நிமிர்ந்து எழக்கூடும் என்பதால் அதன் பின்பக்கக் குழியில் யாரும் நிற்கக் கூடாது. மின்கம்பி அருகே இருந்தால் மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்து உறுதி செய்யும் வரை மரத்தைத் தொடாதீர்கள்.

சொந்தத் தொழில் என்பதைத் தனியாள் வேலை என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். நீங்கள் மேலே இருக்கும்போது, உங்களை இறக்கத் தெரிந்த ஒருவர் கீழே இருந்தே ஆக வேண்டும். கயிறு பிடிக்க மட்டும் தெரிந்தவர் போதாது. ஏறி வந்து மீட்கப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், ஏனென்றால் இடுப்புவாரில் அசைவற்றுத் தொங்குபவரின் நிலை சில நிமிடங்களிலேயே மோசமாகிவிடும். மேலே செயின்சா இயக்கும்போது இரண்டு தனித்தனி இணைப்புகளால் உங்களைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கயிறு அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். கிராமப்புறத்தில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் உண்டு. மருத்துவமனையும் தொலைவில் இருக்கும். எந்த இடத்தில் நின்றால் பேச முடியும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வர முடியும் என்பதை ஏறுவதற்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் எடையையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். அரை மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பச்சைக்கட்டை ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். கழித்த தழையைப் பொறுத்தவரை, அரளி போன்ற நச்சு மரங்களின் இலைகள் கால்நடை எட்டும் இடத்தில் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது.

வயலோர மரங்களில் இன்னொரு தொல்லை, வேலிக்காக அடித்த ஆணியும் கம்பியும் மரம் பருக்கப் பருக்க உள்ளே புதைந்துவிடுவது. வெட்டுவாயில் நீலங்கலந்த கருமை தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து அந்தக் கறையை உண்டாக்குகிறது. அருகில்தான் ஆணி இருக்கும்.

மாலையில் ரம்பத்தைக் கூர்தீட்டுவதோடு வேலை முடிகிறது. மரமேறும் சிறு செயின்சாக்களின் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் உருளை அரம் பொருந்தும், பெரியவற்றுக்கு 4.8 அல்லது 5.5 மில்லிமீட்டர் தேவைப்படும். ரம்பம் சீவல் சீவலாகத் தள்ளாமல் மாவாகத் தள்ளினால் மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய ரம்பத்தை அழுத்தி அறுப்பவரின் தோளும் மணிக்கட்டும்தான் முதலில் தேயும். செயின்சாவின் இரைச்சல் 110 டெசிபல் அளவை ஒட்டியது. அதிர்வினால் விரல்களின் இரத்த ஓட்டம் குன்றி வெளுத்து மரத்துப்போகும் நோயும் உண்டு. காதுக்கவசமின்றி, இடைவேளையின்றி உழைத்தால் இந்தத் தொழிலில் நெடுங்காலம் நீடிக்க முடியாது. நோயுற்ற மரத்தில் பயன்படுத்திய கருவிகளை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டே அடுத்த மரத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கணக்கு எழுதுவது, பிறர் உடைமைக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு, விறகும் தழையும் யாருக்குச் சேரும் என்பதை வேலைக்கு முன்பே எழுதிக்கொள்வது ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

ஏறத் தெரியும், ரம்பம் பிடிக்கத் தெரியும் என்று சொன்னீர்கள். இவை இரண்டும் இருக்கும்போது, நல்ல கவாத்து செய்கிற ஒருவரிடம் ஓராண்டாவது உடன் வேலை பாருங்கள். எல்லாப் பருவங்களிலும் மரம் வெட்டுக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். அந்த ஓராண்டுக்குள் உங்களைக் கீழிருந்து காக்கப்போகிற கூட்டாளியைத் தேடி, இருவரும் சேர்ந்து மீட்புப் பயிற்சியை முடித்துவிட்டுத் தொழிலைத் தொடங்குங்கள்.