பூட்டிய வீட்டுக்கு ஏணி வைப்பது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய நகர்ப்பகுதியை இருக்கிறபடியே விட்டுவைப்பதா, இன்றைய மக்களின் புழக்கத்துக்குத் திறந்துவிடுவதா? இதுதான் தலைப்பு. திறந்துவிட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "கால் பட்டால் பழமை தேயும், தொடாமல் விடுங்கள்" என்றார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் தொடாமல் விட்ட வீடு என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

முதலில் ஓர் ஓடு நகரும். ஆள் இருக்கும் வீடென்றால் அன்று இரவே தலையில் சொட்டும், காலையில் யாராவது ஏணி போட்டு ஏறிவிடுவார்கள். பூட்டிய வீட்டில் யாருக்குத் தெரியும்? இறங்கிய தண்ணீர், உத்தரத்தின் நுனி சுவருக்குள் பதிந்திருக்கும் இடத்தில் போய்த் தங்கும். காற்றே படாத அந்த இடத்தில் மரம் மெல்ல மெல்ல உளுத்துப்போகும். விரிசலில் ஒரு விதை விழுந்து செடியாகும். வேர் உள்ளே இறங்கிவிட்டால், செடியைப் பிடுங்கும்போது சுவரும் சேர்ந்து வரும். இத்தனைக்கும் அந்த வீட்டை யாருமே தொடவில்லை, நடுவர் அவர்களே!

1964-ல் உருவான வெனிஸ் சாசனம், பழைய கட்டடங்களைக் காப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிற அடிப்படை ஆவணம். சமூகத்துக்குப் பயன்படும் காரியத்துக்குக் கட்டடத்தைப் பயன்படுத்தினால் காப்பது எளிதாகும் என்கிறது அதன் 5-வது பிரிவு. அதற்காக அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக் கூடாது என்றும் அதே பிரிவு வரம்பு போடுகிறது. அந்த வரம்பு எங்களுக்கும் சம்மதம்தான்.

இத்தாலியின் போலோன்யாவைப் பாருங்கள். நகரின் நடுச் சதுக்கத்தை ஒட்டிய பழைய மாளிகையில், 1568-ல் ஒரு தாவரத் தோட்டம் இருந்தது. பிறகு அதே இடத்தில் பங்குச் சந்தை வந்தது, வங்கி வந்தது, ஒரு காலத்தில் கூடைப்பந்துகூட ஆடினார்கள். 2001 முதல் அது பொது நூலகம், பெயர் சலாபோர்சா. கூடத்தின் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். புத்தகம் எடுக்க வந்த பிள்ளை குனிந்து பார்த்தால், காலடியில் ரோமானியர் காலத்துச் சுவர்கள் தெரியும். இருக்கிறபடியே விடுங்கள் என்கிறீர்களே, எந்தக் காலத்தில் இருந்தபடி? தோட்டமாகவா, சந்தையாகவா?

கால் பட்டால் தேயும் என்றீர்கள். பழைய வாசல் ஒன்றின் கல்படியை அருகில் போய்ப் பாருங்கள், நடுவில் குழிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய கால்கள் போட்ட குழி அது. நாம் காக்க நினைப்பதே அதைத்தானே! அந்தப் படியை உடைக்க நாங்கள் சொல்லவில்லை. கல்லில் ஓர் ஆணிகூட அடிக்காமல், பக்கத்தில் ஒரு மரச் சாய்தளத்தை வையுங்கள். வேண்டாமென்றால் நாளையே தூக்கிவிடலாம். சக்கர நாற்காலியில் வருகிறவரும் அந்த வாசலுக்குள் நுழையட்டும்.

சரி, வெனிஸ் நகருக்கு வருவோம். பழைய நகரைத் திறந்துவிட்டால் அங்கே குடியிருப்பவர்களே வெளியேறிவிடுவார்கள் என்பதற்கு எதிரணி காட்டும் வலுவான உதாரணம் அதுதான். 1951-ல் அதன் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் 50,000-க்கும் கீழே போய்விட்டது. கேட்கவே மனம் கனக்கிறது. ஆனால் அங்கே வீடு வீடாகச் சுற்றுலாப் பயணிகளின் விடுதியாக மாறியதே, அதுவா பொதுப் பயன்பாடு? பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. நெடுங்காலக் குடித்தனக்காரர்கள் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. 2008-ல் அந்த ஊர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது, அந்தப் பெருமையைக் கொண்டாட அவர்கள் அந்தத் தெருக்களில் இல்லை. இதை எங்கள் அணி ஒருநாளும் ஏற்காது. பொதுப் பயன்பாடு என்று நாங்கள் சொல்வது நூலகத்தை, பாலர் பள்ளியை, மருந்தகத்தை, அவற்றுக்குப் பக்கத்திலேயே சாதாரண மக்கள் கட்டக்கூடிய வாடகையில் வீட்டை. 1973-ல் போலோன்யா போட்ட திட்டம் இந்த வழியில்தான் போனது. பழைய நகரின் எளிய வீடுகளைச் சீர்செய்து, குடியிருந்தவர்களை அங்கேயே வாழவைப்பதுதான் அதன் நோக்கம்.

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். நீங்கள் தொடாமல் காக்க நினைக்கும் அந்தப் பூட்டிய வீட்டில் இன்று இரவு ஓர் ஓடு நகர்ந்தால், நாளைக் காலை ஏணியோடு வரப்போவது யார்?