நம்பிக்கை போதாதாம் எனக்கு! மூட்டுவலியோடு திருவதிகை போய் வந்தேன்

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வழக்கமாகக் காலைச் சுடுதண்ணீர், காபி, இன்றைக்கு வீக்கம் எவ்வளவு என்றுதான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அதெல்லாம் அப்புறம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். அங்கே கேட்ட ஒரு பேச்சு இன்னும் காதிலேயே நிற்கிறது, எரிச்சலாக இருக்கிறது.

பெண்ணுக்கு வளையல் போட என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி வளையலை அவள் கையை ஒடுக்கிப் பிடித்து மெதுவாக ஏற்ற வேண்டும் இல்லையா, என் விரல் மூட்டெல்லாம் அன்றைக்கு வீங்கிக் கிடந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைப் பார்த்த ஓர் அத்தை, நல்ல மனசுக்காரர்தான், "இன்னுமா அந்த மாத்திரையைச் சாப்பிடறே? பாரத்தை முருகன் மேல போட்டுட்டு அதைத் தூக்கிப் போடும்மா. உனக்கு நம்பிக்கை பத்தலை" என்றார். பக்கத்திலிருந்த இன்னொருவர் "எல்லாம் போன ஜென்ம வினை" என்று முடித்தே வைத்துவிட்டார்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வரி: எனக்கு இருப்பது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், முடக்குவாதம் என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய். மாத்திரையை நாமாக நிறுத்தினால் வலி மட்டும் திரும்பி வராது, மூட்டே அரிக்கப்பட்டு விரல் கோணிப்போகும். கோணிய விரல் பிறகு எந்த மாத்திரையாலும் நிமிராது. அதனால்தான் அந்த அறிவுரை எனக்கு இத்தனை கோபம் தருகிறது. கேட்டு நடக்கிற ஒரு பெண் எங்கேயாவது இருப்பாள்.

சரி, அந்தக் கோபத்தோடேயே நான் போன இடம் திருவதிகை. பண்ருட்டிக்குப் பக்கத்தில் கெடில நதிக்கரை, வீரட்டானேசுவரர் கோயில். ரொம்ப நாளாகப் போக நினைத்த ஊர்.

போவதற்கு முன்னால் ஸ்டூல் கதையைச் சொல்லியாக வேண்டும். கோயிலில் என்னால் தரையில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் கணுக்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் மடக்கு ஸ்டூல் ஒன்று தேடினேன். முதல் கடையில் காட்டியது 14 அங்குல உயரம். முழங்கால் வலி இருக்கிறவர்கள் தயவுசெய்து அதை வாங்காதீர்கள்! இருக்கை எவ்வளவு தாழ்வோ, எழும்போது முழங்காலில் அவ்வளவு பாரம். 18 அங்குலமாவது வேண்டும். இரண்டாவது கடையில் கிடைத்தது, அலுமினியக் கால், கேன்வாஸ் துணி இருக்கை. 900 ரூபாய் சொன்னார். நான் விடவில்லை. தையலை இழுத்துப் பார்த்தேன், மடக்கி விரித்துப் பார்த்தேன், அங்கேயே உட்கார்ந்து எழுந்து காட்டினேன். 650-க்கு வாங்கிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு! ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன், காலுக்கு அடியில் நான்கு ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கருங்கல் தரையில் வழுக்கும், சத்தமும் போடும். என்னுடையதில் மூன்றுதான் இருந்தது. நான்காவதையும் அவரிடமே கேட்டு வாங்கிப் போடவைத்துத்தான் நகர்ந்தேன்.

கோயிலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பர் சன்னிதி இருக்கிறது, அவருடைய அக்கா திலகவதியாருக்கும் சன்னிதி இருக்கிறது. அப்பர் சன்னிதிக்குப் பக்கத்தில் ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் இந்த ஊர் என்றால், தமிழில் வலியோடு பாடிய பாட்டு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இங்கே பிறந்த பதிகம்தான். 7-ஆம் நூற்றாண்டு. அப்பர் அப்போது சமண சமயத்தில், தருமசேனர் என்ற பெயரில் இருந்தார். கொடிய சூலை நோய், வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி. அங்கிருந்தவர்கள் மந்திரித்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள், மயில்பீலியால் தடவினார்கள், அடங்கவில்லை என்கிறது பெரியபுராணம். இரவோடு இரவாக அக்காவிடம் வந்து விழுகிறார். திலகவதியார் திருநீறு கொடுத்து, விடிவதற்குள் கோயிலுக்கு அழைத்துப்போகிறார். அப்போது அவர் கையில் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் இருந்தன என்று சேக்கிழார் எழுதுகிறார். அதாவது துடைப்பம், மெழுகச் சாணம், தண்ணீர்க் குடம். தம்பி வலியில் துடிக்கிறான், அக்கா தினமும் செய்கிற கோயில் வேலையையும் விடவில்லை. எனக்கு அந்த அம்மாவை அவ்வளவு பிடிக்கும். நீ என்ன பாவம் செய்தாய் என்று அவர் தம்பியைக் கேட்கவில்லை.

அப்புறம் அப்பர் பாடுகிறாரே, அது பணிவான தோத்திரமாகவா இருக்கிறது? எடுத்த எடுப்பில் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்கிறார். எமனாக வந்து நிற்கிற இந்த நோயை நீர் விலக்கவில்லையே என்று நேராகவே கேட்கிறார். அடுத்து "கொடுமைபல செய்தன நான் அறியேன்". நான் என்ன கொடுமை செய்தேன், எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய் "வஞ்சம் இது ஒப்பது கண்டறியேன்", இப்படி ஒரு வஞ்சத்தை நான் பார்த்ததே இல்லை என்கிறார். ஆற்றேன், தாங்க முடியவில்லை என்கிறார். நான்காம் திருமுறையின் முதல் பதிகம் இது. இவ்வளவு புகாரையும் வரிசையாகச் சொன்னவரைத்தான் நாவுக்கரசர் என்று கொண்டாடுகிறோம். அவரைப் பார்த்து யாராவது நம்பிக்கை போதாது என்பார்களா?

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பாடியதும் அப்பருக்குச் சூலை நீங்கியது என்கிறது புராணம். எனக்கு நீங்கவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் காலையும் கை மடங்கவில்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பது நோய் நீங்கிய அந்த முடிவை இல்லை. வலி இருக்கும்போதே வாய் திறந்து பாடினாரே, அதைத்தான். வலியில் தனியாகக் கிடக்கிறவர்களுக்கு, முறையிட ஓர் ஆள் எதிரே இருக்கிறார் என்பதே பெரிய விஷயம். இந்த நோய் இருக்கிறவர்களுக்குப் புரியும்.

தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில் இரண்டு கையையும் அமிழ்த்திக்கொண்டு அந்தப் பதிகத்தைச் சொல்கிறேன். மெதுவாகச் சொன்னால் மூச்சு நீளும், தோள் தளரும். கந்த சஷ்டி கவசமும் எனக்கு அப்படித்தான். "கணைக்கால் முழந்தாள் கதிர்வேல் காக்க, ஐவிரல் அடியிணை அருள்வேல் காக்க" என்று தேவராய சுவாமிகள் உடம்பை ஓர் இடம் விடாமல் தொட்டுக்கொண்டே போகிறார். வாத நோய் மருத்துவர் 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கணக்கு எடுப்பாரே, அப்போது எனக்குள் இந்த வரிகள்தான் ஓடும். வீட்டில் திருநீற்றுச் சம்புடத்தைக்கூட மாற்றிவிட்டேன். திருகு மூடியைக் காலையில் திறக்க முடியவில்லை, இப்போது அகலமான மரக் கிண்ணம். மூன்று விரலும் சேராத நாளில் உள்ளங்கையால் தொட்டுப் பூசிக்கொள்கிறேன்.

இதெல்லாம் வெறும் மனப்பிராந்தியா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு அறிஞர்கள், வலிச் செய்தி மூளைக்குப் போகிற வழியில் முதுகுத்தண்டில் ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதைத் திறக்கும், மூடும் என்று எழுதினார்கள். 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சோதனை வெளியானது. 12 கத்தோலிக்கர்கள், கடவுள் நம்பிக்கை இல்லாத 12 பேர். கையில் மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டே மாதா ஓவியத்தையும் மதம் சாராத ஓர் ஓவியத்தையும் காட்டினார்கள். மாதா ஓவியத்தைப் பார்த்தபோது கத்தோலிக்கர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது, மூளைப் படத்திலும் அதற்கான மாற்றம் இருந்தது. சின்னச் சோதனைதான், நோய் குணமானது என்று யாரும் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் வழியில் வந்த ஆய்வுகள், "கடவுள் என்னைத் தண்டிக்கிறார்" என்று நினைக்கிறவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கின்றன. பூர்வ ஜென்ம வினை என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வலிக்கிறவள் தலையில் பழியையும் ஏற்றுகிறீர்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வதுதான். இந்த நோய்க்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தச் சாமி பெயரைச் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

என் சிநேகிதி ஒருத்தி முஸ்லிம், அவளுக்கு இடுப்பு எலும்புத் தேய்மானம். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்று நபிகள் நாயகமே சொல்லியிருக்கிறார் என்றாள். கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. முடியாத உடம்புக்கும் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் ஊர்க் கோயில், சர்ச், பள்ளிவாசல் எதுவானாலும் சரி, படியில்லாத வழி இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, நாற்காலி போட விடுகிறார்களா, வெயிலில் பிரகாரத்தில் கால் சுடாமல் இருக்க விரிப்பு போட்டிருக்கிறார்களா, இவ்வளவையும் ஊர் பெயரோடு கமென்ட்டில் எழுதுங்கள். மாவட்ட வாரியாகத் தொகுத்து அடுத்த வீடியோவில் படிக்கிறேன். திருவதிகையையும் நான் பார்த்தபடி அதில் சேர்த்துவிடுகிறேன்.