அகல உழாதீர்கள், ஆழ உழுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சொத்து முதலீட்டில் முன்னேற ஒரே பகுதியில் ஊன்றி நிற்பதா, பல இடங்களில் பரவி நிற்பதா என்பது தலைப்பு. ஊன்றி நிற்பதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு மனை, ஒரு கடை, வெளியூரில் ஓர் அடுக்குமாடி வீடு என்று அடுக்கினார். ஒன்று படுத்தால் இன்னொன்று தூக்கிவிடுமாம். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றுக்கும் மூன்று வித்தை வேண்டுமே! மனைக்குப் பத்திரத்தில் வில்லங்கம், பாதையின் அகலம், கட்டட அனுமதி பார்க்கத் தெரிய வேண்டும். அதுவும் விற்கும்வரை பைசா தராது. கடைக்கு, வாடகைக்கு வருகிறவரின் வியாபாரம் ஓடுமா என்று கணிக்க வேண்டும். காலியானால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்கு ஒழுகலும் ஒயரிங்கும். வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்குகிறவர் இதில் எதை உருப்படியாகக் கற்பார்?

வெளியூர் வீட்டில் 6 சதவீத வாடகை வருமானம் என்றும் சொன்னார்கள். அந்த 6-ஐக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம், நடுவர் அவர்களே. விலை 100 என்றால் ஆண்டு வாடகை 6. ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 5.5. வெளியூர் என்பதால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்; அவருக்கு வாடகையில் பத்தில் ஒரு பங்கு, மிச்சம் 4.95. பராமரிப்புக்கு விலையில் 1 சதவீதம், 3.95. வரியும் காப்பீடும் அரை, 3.45. பத்திரப்பதிவு, தரகு எல்லாம் சேர்ந்து போட்ட முதல் 108 ஆகியிருக்கும். ஆக, கைக்கு வருவது ஏறத்தாழ 3.2 சதவீதம். பெரும்பகுதியைக் கடனில் வாங்கி, வட்டி 8 சதவீதம் என்றால், ஒவ்வொரு மாதமும் கைக்காசு போட்டு ஈடுகட்ட வேண்டியதுதான்.

ஊன்றுகிறவர் என்ன செய்வார்? அரை மணி, முக்கால் மணிப் பயணத்துக்குள் ஒரு பகுதி. அதில் ஒரே வகை வீடு. ஒரு நோட்டுப் போடுவார்: தெரு, சதுர அடி, கட்டடத்தின் வயது, கேட்ட விலை, முடிந்த விலை, எத்தனை நாளில் கைமாறியது. முக்கியமான பத்தி முடிந்த விலைதான். கேட்ட விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர் விற்பவரின் ஆசையை வாங்குகிறார். ஐம்பது வீடு அந்த நோட்டில் ஏறிவிட்டால், ஐம்பத்தொன்றாவது மலிவா இல்லையா என்று தரகர் வாய் திறக்குமுன்னே தெரிந்துவிடும்.

உள்ளே போனாலும் அப்படித்தான். கூரையின் ஒரு மூலை மட்டும் புது வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கிறதா? ஒழுகிய கறையை மறைத்திருக்கலாம்; மேலே யாருடைய குளியலறை என்று கேட்பார். குழாய்களை ஐந்து நிமிடம் ஒன்றாகத் திறந்துவிட்டு, தண்ணீர் வடிகிற வேகத்தைப் பார்ப்பார். பழுதுச் செலவு மதிப்பீட்டின் மேல் 15 சதவீதம் கூட்டிக்கொள்வார், ஏனென்றால் சுவரை உடைத்த பிறகுதான் குழாயின் லட்சணம் தெரியும். கொத்தனாரும் பிளம்பரும் தெரிந்தவர்கள், கூப்பிட்டால் வருவார்கள். வெளியூரில் அந்தப் பிளம்பருக்கு நீங்கள் ஒரு போன் நம்பர், அவ்வளவுதான்!

எதிரணி வாதத்தில் நியாயமே இல்லையா? ஒன்று உண்டு. ஒரே ஆலையை நம்பிய ஊர் என்றால், ஆலை மூடிய மாதமே வாடகைதாரர்கள் மூட்டை கட்டுவார்கள். அதற்கு ஐந்து ஊரில் வாங்குவது மருந்தல்ல. பகுதியைத் தேர்கிறபோதே, குடியிருப்பவர்களுக்குப் பிழைப்பு மூன்று வெவ்வேறு திசையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். ஆறு மாதத் தவணையைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். சேமிப்பு முழுவதையும் சொத்தில் முடக்காதீர்கள்.

"வேறு ஊரில் நல்ல வாய்ப்பு வந்தால் விட்டுவிடுவதா?" என்று கடைசியாகக் கேட்டார்கள். விட்டுவிடுங்கள். சொந்தப் பகுதியில் நாற்பது வீட்டுக்கு மேல் கணக்குப் போட்டும் ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் பகுதியையே மாற்றுங்கள். பழைய நோட்டை மூடிவிட்டுப் புதுப் பகுதிக்கு முதல் வரியிலிருந்து எழுதுங்கள். மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.