சட்டம் அநியாயம்னு சொல்ல நாடகக்காரன் யாரு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி (தேவகோட்டையிலிருந்து, சட்டம் படிக்கும் ஒரு நேயர்): "அண்ணே, திருவிழா நாடகத்துல நாரதர் வேஷத்துல நின்னு, 'அநியாயமான சட்டத்தை எதிர்த்துப் பேசுறது கலைஞனோட கடமை'ன்னு சொன்னீக. சட்டம் நியாயமா அநியாயமான்னு முடிவு பண்ண ஒரு நாடக நடிகருக்கு என்ன தகுதி? ஆளாளுக்கு முடிவு பண்ணிக் கிளம்பினா நாடு என்ன ஆகும்? இதைப் பொது மேடையில என்னோட பேசத் தயாரா?"

தம்பி, தயார். அதை முதல்லயே சொல்லிடுறேன். இல்லாட்டி வளவளன்னு பேசித் தப்பிச்சிட்டான்னு நினைப்பீக.

ஆனா தர்க்கம்னு வந்துட்டா எங்க தொழில்ல ஒரு முறை உண்டு. அந்த முறைப்படி வரணும். வெளியூர்க்காரவுகளும் பார்க்குறதால கொஞ்சம் விளக்கிச் சொல்றேன். காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு வைக்கிற ஸ்பெஷல் நாடகத்துல வள்ளி திருமணம்தான் அதிகம். சங்கரதாஸ் சுவாமிகள் அமைச்சுக் கொடுத்த கதையும் பாட்டும் இருக்கும். அதுக்கு மேல பேச்செல்லாம் அன்னன்னைக்கு மேடையிலதான் பிறக்கும். வள்ளியா வர்ற அம்மாவும் நாரதரா வர்றவரும் ஒத்திகை பார்க்குறது கிடையாது. சில ஊர்ல ஒப்பனை போடுற இடத்துலதான் ஒருத்தரை ஒருத்தர் முதமுதல்ல பார்ப்பாக. வள்ளி தினைப்புனத்துல நிப்பா, நாரதர் வருவார், 'காவல் இருக்குற புனத்துக்குள்ள யாரைக் கேட்டு வந்தீர்?'ன்னு ஆரம்பிக்கும். அங்கருந்து பொம்பளைக்குச் சொத்து உண்டா, துறவி பெருசா குடும்பஸ்தன் பெருசா, விதியா மதியான்னு எங்கிட்டு வேணும்னாலும் போகும். ரெண்டு மணி நேரம் போகும். கீழ உக்காந்திருக்குற ஆச்சிக எழுந்திரிக்க மாட்டாக.

இதுல முறை என்னன்னா, எதிராளி சொன்னதை அவுக சொன்னதைவிட நல்லாத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் பதில் சொல்லணும். வள்ளி திணறினா நல்ல நாரதர் அடி எடுத்துக் கொடுப்பார். அவுகளைக் கவுத்துட்டு நான் மட்டும் நின்னா அங்க நாடகம் இல்லையே! அதனால நீங்க என்னோட மேடை ஏறினா, உங்க பக்கத்தை முதல்ல நான் சொல்வேன். 'ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்'னு நீங்க தலையாட்டணும். அதுக்கப்புறம் என் பக்கத்தை நீங்க சொல்லணும். இது முடியலைன்னா ரெண்டு பேருமே வீட்டுக்குப் போயிடலாம். டிவியில நடக்குறதைப் பார்த்துட்டு அதுதான் விவாதம்னு நம்பிட்டோம், அது வேற சங்கதி.

சரி, தகுதிக்கு வர்றேன். ஒண்ணும் தனித் தகுதி கிடையாது. வக்கீலுக்கு இருக்குற படிப்பு எனக்கு இல்லை. ஆனா ஒரு சட்டம் மேல விழும்போது எங்க வலிக்கும்னு விழுந்தவனுக்குத் தெரியும். தெரிஞ்சாப் போதுமான்னு கேப்பீக. போதாது. அங்கதான் நம்ம ஆளுக நிறையப் பேர் சறுக்குறாக.

ஒலிபெருக்கி விதியை எடுத்துக்கங்க. 2000-ல மத்திய அரசு கொண்டாந்தது. ராத்திரி 10 மணியிலருந்து காலை 6 மணி வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி நாளுக்கு மாநில அரசு மனசு வச்சா 12 மணி வரைக்கும் தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கிடையாது. 2005-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. இப்ப எங்க நாடகம் தொடங்குறதே 10 மணிக்கு மேல. பபூனும் டான்ஸும் வந்து கூட்டத்தைச் சேர்த்து முடிக்கயில 12 தாண்டிரும். தர்க்கம் அதுக்கப்புறம். ஆக இந்த விதியை எழுத்துக்கு எழுத்துப் பிடிச்சா வள்ளியும் நாரதரும் வாயே திறக்க முடியாது. என் சோத்துல நேரா கை வைக்குற விதி இது.

ஆனா இது அநியாயமான சட்டம்னு நான் எந்த மேடையிலயும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். பக்கத்து வீட்டுல பன்னண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்குற பிள்ளை இருக்கு, ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்குற அப்பச்சி இருக்காக. அவுகளுக்காகப் போட்டது. கட்சிக் கூட்டத்துக்கும் அதேதான், சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கும் அதேதான். முக்கியமா, நீ என்ன பேசுறேன்னு அந்த விதி கேக்கலை, எம்புட்டுச் சத்தமாப் பேசுறேன்னுதான் கேக்குது. எனக்கு நட்டம்கிறதுக்காக ஒரு சட்டத்தை அநியாயம்னு சொல்லக் கூடாது. மைக் இல்லாம நாடகம் போடத் தெரிஞ்சவுகதான் நம்ம முன்னோர். சாமான்யத் தொண்டையா அது! பந்தலுக்குள்ள மட்டும் கேக்குற மாதிரி பெட்டியை வைங்க, நாடகத்தைச் சாயங்காலமே தொடங்குங்கன்னு கமிட்டிக்காரவுககிட்டப் பேசலாம். அது பேரம். சவால் விடுற விஷயம் இல்லை.

இப்ப இன்னொரு வகைச் சட்டத்தைப் பாருங்க. வங்காளத்துல நாடகக்காரவுக சர்க்காரைக் கேலி பண்ண ஆரம்பிக்கவும், வெள்ளைக்காரன் 1876-ல நாடக நிகழ்ச்சிச் சட்டம்னு ஒண்ணு போட்டான். அரசாங்கத்து மேல வெறுப்பு வரும், ஒழுக்கம் கெடும்னு அதிகாரிக்குத் தோணினாப் போதும், நாடகத்தை நிறுத்தலாம். சரி, அவன் அந்நியன். சுதந்திரம் வந்து 7 வருஷத்துல, 1954-ல, நம்ம சென்னை மாநிலமே தனக்குன்னு ஒரு நாடகச் சட்டம் போட்டுக்கிச்சு. எம்.ஆர்.ராதா நாடகங்களைக் குறிவச்சுத்தான் வந்துச்சுன்னு அப்பவே பேச்சு. ஆட்சேபகரமான நாடகம்னு அரசு முடிவு பண்ணலாம், தடை போடலாம், நாடகப் பிரதியைக் கொண்டா பார்க்கணும்னு கேக்கலாம்.

பிரதியாம்! எங்க நாடகத்துக்கு எந்தப் பிரதியைக் கொடுக்குறது? ராத்திரி ஒரு மணிக்கு அந்த அம்மா என்ன கேக்கப்போறாகன்னு எனக்கே தெரியாதே. இது நான் செஞ்ச தப்புக்குத் தண்டனை கொடுக்குற சட்டம் இல்லை தம்பி. நான் பேசுறதுக்கு முன்னாடியே வாயை அளந்து பார்க்குற சட்டம். 'இந்தச் சட்டம் தப்பு'ன்னு நாடகத்துல சொன்னா, அந்த நாடகத்தையே அந்தச் சட்டத்தை வச்சு நிறுத்தலாம். எதிராளிக்கு வாயே இல்லாத இடத்துல தர்க்கம் எப்படி நடக்கும்? என்னோட உரைகல் இதுதான். ஒலிபெருக்கி விதி தப்புன்னு நான் பகல்ல மைக் வச்சே பேசலாம், ஒருத்தனும் வரமாட்டான்.

இந்த மாதிரிச் சட்டத்துக்கு எதிரா எங்க தொழில்ல நின்ன பெரியவர் விஸ்வநாததாஸ். சிவகாசிக்காரர். வள்ளி தினைப்புனத்துல ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுற கட்டம் இருக்குல்ல, அந்த இடத்துல மதுரை பாஸ்கரதாஸ் எழுதின கொக்குப் பாட்டைப் பாடுவார். ஓட்டுறது வெள்ளைக் கொக்கு! கூட்டத்துக்குப் புரியும், கீழ நிக்குற போலீசுக்கும் புரியும். மேடையிலயே வாரண்டோட காத்திருப்பாக. கைதாவார், வெளிய வருவார், அடுத்த ஊர்ல அதே பாட்டு. ஒளிஞ்சு மறைஞ்சு செய்யலை, ஊரறிய மேடையில நின்னுதான் பாடினார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில முருகன் வேஷத்துல மயில் மேல உக்காந்தபடியே உயிர் போச்சு.

அவர் கதையில எல்லாரும் ஜெயிலைத்தான் சொல்வாக. எனக்கு முக்கியமாப் படுறது வேற. அவர் முடிதிருத்தும் சமூகத்துல பிறந்தவர். அதனாலேயே அவரோட ஜோடி போட மாட்டோம்னு சொன்ன நடிகைக இருந்தாக. மதுரை கே.பி.ஜானகி அம்மாள் நான் நடிக்கிறேன்னு வந்தாக. பின்னால ஜெயிலுக்கும் போனாக, 1967-ல சட்டமன்றத்துக்கும் போனாக. அந்த நடிகைகளை நடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டம் தடுத்துச்சு? ஒரு சட்டமும் இல்லை. வெள்ளைக்காரச் சட்டத்தை எதிர்க்குறதைக் கைதட்டிப் பார்த்த ஊர்லதான் இதுவும் நடந்துச்சு.

நீங்க சட்டம் சட்டம்னு கேக்குறீக. நம்ம பக்கம் எழுதாத சட்டம்தான் பெரிய சட்டம் தம்பி. அப்ப செட்டிநாட்டுல பெரும்பகுதி ராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பர்ல அந்த ஜில்லாவுல ஆதிக்க சாதிக்காரவுக ஆதிதிராவிட மக்களுக்கு 8 தடை போட்டாக. தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழ வேட்டி கட்டக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, கிராப் வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேற பாத்திரம் புழங்கக் கூடாது. பொம்பளைக மேல்துணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறினவுக குடிசையைக் கொளுத்தினாக. மறு வருஷம் தடை 11 ஆச்சு. இட்டுக்கட்டிச் சொல்லலை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையரா இருந்த ஹட்டன் எழுதி வச்சிருக்கார். இது எந்த சட்டப் புத்தகத்துல இருந்துச்சு? ஊர்க் கட்டுப்பாடு. அவ்வளவுதான்.

இதை நான் மேடையில சொல்லியிருக்கேன். அப்புறம் மஞ்சுவிரட்டைப் பத்தியும் பேசியிருக்கேன், 2014 தடை, 2017 போராட்டம் எல்லாம். சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்குற பூமியில அதைப் பேசினா விசில் பறக்கும், சட்டையில ரூபா நோட்டு குத்துவாக, ஆர்மோனியக்காரர் தன்னால ஒரு வாசிப்பு வாசிப்பார். இந்த 8 தடையைச் சொன்னா ஒருத்தர் இருமுவார், கமிட்டிக்காரர் ஓரமா வந்து 'கதைக்குப் போங்க'ம்பார். மஞ்சுவிரட்டுப் பேச்சு தப்புன்னு சொல்லலை. ஆனா அதைப் பேச எனக்குத் துணிச்சல் ஒண்ணும் தேவைப்படலை. ஊரே என் பின்னால நிக்கயில டெல்லிக்குச் சவால் விடுறது ரொம்பச் சுலபம். அன்பளிப்பு கொடுத்த கையையே கேள்வி கேக்குறதுதான் கஷ்டம். இப்ப நான் முழுசாச் செய்றேனான்னா, ஊரைப் பொறுத்து, நேரத்தைப் பொறுத்துச் செய்றேன். எல்லா நடிகரும் அப்படித்தான்.

சிராவயல்னதும் பின்னால கம்யூனிஸ்ட் தலைவரான ப.ஜீவானந்தம், நம்ம ஜீவா ஞாபகம் வந்துச்சு. அங்க ஆசிரமம் நடத்தினாரே, அவர்தான், பாட்டும் எழுதினவர். வர்ணாசிரமம் பத்தி காந்தி பேசினதை மறுத்து, காந்திக்கே கடிதம் எழுதினார். 1927-ல இந்தப் பக்கம் வந்தப்ப காந்தி சிராவயலுக்கே போய் அவரைப் பார்த்தார். ஜீவாவுக்கு அப்ப 20 வயசு. கருத்துல ஒத்துப்போனாகளாங்குறது இருக்கட்டும். மறுத்து எழுதின பையனைத் தேடி அம்புட்டுப் பெரிய மனுசன் போனார் பாருங்க. ஜீவா பேரை மறைக்காம எழுதினார். அதனாலதான் தேடிப் போக முடிஞ்சுது.

ஆளாளுக்குக் கிளம்பினா என்ன ஆகும்னு கேட்டீகள்ல, அதுக்குப் பதில் பாதி இதுலயே இருக்கு. பேரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, வர்றதை வாங்கிக்கிறவன் கிளம்பினா ஒண்ணும் ஆகாது. இருட்டுல கல் எறியுறவன் வேற ஆள், அவனை நான் கணக்குல சேர்க்கலை. கண்ணகியைச் சொன்னா எல்லாரும் 'தேரா மன்னா'வைத்தான் சொல்வாக. எனக்கு அந்தக் காட்சியில பாண்டியனைத்தான் பிடிக்கும். ஒத்தைச் சிலம்போட தலைவிரி கோலமா ஒருத்தி வாசல்ல நிக்கிறான்னு காவல்காரன் வந்து நடுங்கிச் சொல்றான். உள்ள வரச்சொல்லுங்குறார். 'நீ யாரம்மா'ன்னு கேக்குறார். சிலம்பை உடைச்சுக் காட்டினதும் தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டு அங்கயே உயிரை விடுறார். வாசல் திறந்திருந்துச்சு.

நாடகச் சட்டத்துக்கும் கடைசியில அந்த வாசல்லதான் முடிவு வந்துச்சு. எழுத்தாளர், நாடகக்காரர் ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல சென்னை உயர் நீதிமன்றம் 1954 சட்டத்தோட முக்கியமான பிரிவுகள் அரசியலமைப்புக்கு விரோதம்னு ரத்து பண்ணிச்சு. 59 வருஷம் ஆச்சு! 1876 சட்டத்தையும் பின்னால பழைய சட்டங்களைக் கழிச்சுக்கட்டுறப்ப நாடாளுமன்றமே நீக்கிடுச்சு. ஆக, சட்டம் அநியாயம்னு ஒரு நாடகக்காரர் சொன்னார், நீதிபதிகள் ஆமான்னாக, நாடு ஒண்ணும் கவுந்துறலை. அந்தத் தீர்ப்பை நீங்க எடுத்து முழுசாப் படிங்க. என்னைவிட உங்களுக்கு நல்லாப் புரியும்.

விவாதத்துக்கு ஒரு யோசனை. நீங்க சட்டத்துக்கு ஆதரவு, நான் எதிர்ப்புன்னு வச்சா ரெண்டு பேருக்குமே பழகின பாட்டு. மாத்திக்குவோம். ஒலிபெருக்கி விதியை ஆதரிச்சு நான் பேசுறேன். ராத்திரி ஒரு மணி தர்க்கத்துக்காக, எங்க நாடக சங்கத்துக்காரவுகளுக்காக, நீங்க எதிர்த்து வாதாடுங்க. தேவகோட்டையிலயே வச்சுக்கலாம். ஐப்பசிக்கு மேல எங்களுக்கு நாடகம் கம்மி, அதைப் பார்த்துத் தேதி சொல்லுங்க.