கத்தரிக்கோலுக்குத் தப்பி வந்த பையன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓடிப்போகிறவர்களைப் பற்றிய படம் என்றதும் துப்பாக்கியும் துரத்தும் வண்டிகளும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்திருக்கும் ஸ்பானியப் படத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு சின்னக் கார், அதில் மூன்று பேர், அவ்வளவுதான். டேவிட் ட்ருவெபா எழுதி இயக்கி 2013-இல் வந்த படம். அதன் பெயரைத் தமிழில் 'கண்ணை மூடிக்கொண்டால் வாழ்வது எளிது' என்று சொல்லலாம்.

கதை நடப்பது 1966-இல், ஃபிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில். ஹுவான்ஹோவுக்குப் பதினாறு வயது. முடியை வெட்டச் சொல்கிறார் போலீஸ்கார அப்பா. மாட்டேன் என்று பையன் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறான். பெலென் இருபது வயதை ஒட்டிய பெண். கல்யாணமாகாமல் கர்ப்பமானதால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லத்தில் அவளை விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நழுவி வருகிறாள்.

முடிக்காகவா ஒருத்தன் வீட்டை விட்டு ஓடுவான்? முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டாம் தடவைதான் அந்த அப்பாவின் வேலை மனதில் உறைத்தது. தெருவில் ஊரை மிரட்டி வைத்திருக்கும் அதே ஆட்சி, வீட்டுக்குள் சாப்பாட்டு மேஜையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பெலெனின் பாடு இன்னும் கஷ்டம். அன்றைய ஸ்பானியச் சட்டப்படி 21 வயதில் ஒரு பெண் மேஜர். ஆனாலும் 25 வயது வரை பெற்றோர் சம்மதமில்லாமல் அவள் வீட்டை விட்டுப் போக முடியாது. கல்யாணம் செய்துகொள்ளவோ மடத்தில் சேரவோ என்றால் போகலாம். 1972-இல்தான் அந்த விதி ஒழிந்தது. இது தெரிந்த பிறகு, சாலையில் தனியாக வரும் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

இந்த இருவரையும் காரில் ஏற்றிக்கொள்கிறவர் அந்தோனியோ. அல்பசேத்தே ஊரில் ஆங்கில வாத்தியார், பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் பாட்டை வைத்துப் பாடம் நடத்துகிறவர். அந்தக் குழுவின் பாடகர் ஜான் லென்னன் ஒரு படத்தில் நடிக்கத் தெற்கே அல்மெரியாவுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரைப் பார்த்தே தீருவது என்று புறப்பட்டுவிட்டார். ஓடுகிறவர்கள் இரண்டு பேர்தான் என்று நாம் நினைக்கிறோம். அந்தோனியோவாக நடிக்கும் ஹவியர் காமராவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, தனியாளாகவே கழிந்த தன் நாட்களிலிருந்து அந்தோனியோவும் கொஞ்சம் ஓடி வந்திருக்கிறார் என்று புரிகிறது. ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அது. சாதுவான அந்த மனிதர், பையனை அவமானப்படுத்தியவனின் தக்காளித் தோட்டத்துக்குள் காரை விடும் காட்சி ஒன்று உண்டு. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

2014-இல் இந்தப் படத்துக்கு ஸ்பெயினின் திரைப்பட விருதுகளான கோயா விருதுகள் ஆறு கிடைத்தன. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை எல்லாம் அதில் அடக்கம். காமராவுக்கும், பெலெனாக நடித்த நத்தாலியா தெ மொலினாவுக்கும் விருது உண்டு.

ஆனால் வானொலியில் நின்று இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் வேறு. அந்தோனியோவுக்கு முன்மாதிரியாக நிஜத்தில் ஒருவர் இருந்தார். கார்த்தஹேனா ஊர் ஆசிரியர் ஹுவான் கரியோன். வானொலியில் பீட்டில்ஸ் பாட்டு வரும்போது காதைத் தீட்டிக்கொண்டு வரிகளை நோட்டில் எழுதுவார். பிடிபடாத சொல்லுக்கு இடம் விட்டு வைப்பார். பாட்டு நோட்டு வைத்திருந்த நேயர்களுக்கு அந்த வெற்றிடத்தின் அவஸ்தை தெரியும். 1966-இல் அந்த நோட்டுகளோடு அல்மெரியா போய் லென்னனைச் சந்தித்தார். விட்டுப்போன சொற்களை லென்னன் நிரப்பிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டின் பின்னட்டையில்தான் பீட்டில்ஸ் முதன்முதலாகப் பாட்டு வரிகளை அச்சிட்டார்கள்.

அல்மெரியாவில் இருந்தபோதுதான் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டையும் லென்னன் எழுதினார். படத்தின் பெயர் அதில் வரும் ஒரு வரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீள முடிக்காக வீட்டை விட்டு வந்த பையன் இத்தனை தூரம் தேடிப்போகும் லென்னன், அப்போது சிப்பாய் வேஷத்துக்காகத் தன் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

வாத்தியாரும் லென்னனும் சந்திப்பதை இயக்குநர் நமக்குக் காட்டுவதில்லை. நாம் வெளியேதான் நிற்கிறோம்.